கேமரா விட்ட இடத்தில் பென்சில்

புலியை வரைகிறவர்கள் பலரும் முதலில் சறுக்குவது வரிகளில் அல்ல, கண்ணில். வீட்டுப் பூனையின் கண்மணி வெயிலில் செங்குத்துக் கோடாகச் சுருங்கும். புலியும் பூனைக் குடும்பம்தானே என்று அதற்கும் அதே கோட்டைப் போட்டுவிடுவார்கள். புலிக்குக் கண்மணி வட்டம். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் வட்டம்தான். ஆட்டுக்குப் படுக்கைவசத்தில் நீண்ட செவ்வகம். முதுகு ரோமத்தை இழை இழையாக ஒரு மாதம் உட்கார்ந்து தீட்டியவர் கண்மணியில் பிசகினால் அத்தனையும் வீண். என்ன தப்பு என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அது பொம்மைப் புலி என்று தெரிந்துவிடும்.

யானையிலும் இதே கூத்து நடக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்து, அதன் நெற்றியில் நாமத்தையும் போட்டுக் கோயில் யானை ஆக்கிவிடுகிறார்கள். காது தோளை மூடிக்கொண்டு விரிந்திருக்கும்; தும்பிக்கை நுனியில் இரண்டு விரல் இருக்கும். அது ஆப்பிரிக்க யானை. நம்மூர் யானைக்குத் தலையில் இரட்டை மேடு, தும்பிக்கை நுனியில் ஒரே விரல், வயதாக ஆகக் காதோரத்திலும் தும்பிக்கையிலும் நிறம் வெளுத்த இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஒரு சுருக்கம் விடாமல் நகலெடுத்த கைக்கு, எந்த யானையை நகலெடுக்கிறோம் என்பது தெரியவில்லை.

'ஹைப்பர் ரியலிசம்' என்று இன்று ஊரெல்லாம் புழங்கும் இந்த ஓவிய வகை, சமூக ஊடகங்கள் வந்த பிறகு வீடு வீடாக நுழைந்துவிட்டது. இரண்டு மாத வேலையை முப்பது விநாடி வீடியோவாகச் சுருக்கிப் போடுகிறார்கள். வெற்றுத் தாளில் ஒரு கண் முளைக்கிறது, மூக்கு எழும்புகிறது, உதட்டில் ஈரம் சேர்கிறது. "ஃபோட்டோ மாதிரியே இருக்கே!" என்று கீழே ஆயிரம் பேர் வியக்கிறார்கள். பொதுமக்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கவின்கலைக் கல்லூரி வராந்தாவிலோ இதைவிடப் பெரிய வசவு கிடையாது. "கேமராதான் இருக்கிறதே, கை எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி.

இரண்டு தரப்பும் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. புகைப்படத்துக்கு அடங்கி நடப்பது பயிற்சியால் வரும். பொறுமை உள்ள யாருக்கும் வரும். நல்ல ஹைப்பர் ரியலிச ஓவியர், புகைப்படத்தை எங்கே மீற வேண்டும் என்று தெரிந்தவர். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் இந்த ஓவியங்களைப் பார்க்கவும் தெரியும்.

ரோமத்தை வரையாதே, இருட்டை வரை

முதலில் கைவேலையைப் பார்ப்போம். ஓவியர்களின் மேஜையில் இருக்கும் சாமான்கள் பலவும் ஸ்டேஷனரி கடையில் கிடைப்பவை. 6ஹெச்சிலிருந்து 8பி வரை பென்சில்கள், சார்கோல் குச்சி, மாவுபோலப் பிசைந்து கூராக்கிக்கொள்ளும் ரப்பர், காகிதத்தை இறுகச் சுருட்டிய ஸ்டம்ப், காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய மேக்கப் பிரஷ், பிளேடு. கூடவே, ரீஃபில் தீர்ந்துபோன ஒரு பால்பாயின்ட் பேனா.

அந்த மை இல்லாத பேனாவுக்கு ஒரு தனி உத்தியோகம் இருக்கிறது. பூனையின் மீசையும் கிழவரின் நரைத் தாடியும் வெள்ளை. பென்சிலால் வெள்ளைக் கோடு போட முடியாது. ஆகவே ஷேடிங் தொடங்கும் முன்பே மை இல்லாத பேனாவால் தாளில் அழுத்தி மீசையை இழுத்துவிடுவார்கள். தாளில் ஒரு பள்ளம் விழும். பிறகு அதன்மேல் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால் பள்ளத்துக்குள் கரி இறங்காது. மீசை வெள்ளையாகத் தங்கிவிடும். வீடியோவில் பார்ப்பவருக்கு இது மாயம். செய்கிறவருக்கு, எந்த மயிர் எங்கே வரும் என்று முதல் நாளே முடிவுசெய்ய வேண்டிய நெருக்கடி. பள்ளத்தை அழிக்க ரப்பர் கிடையாது.

ரோமத்தைப் பற்றி அனுபவஸ்தர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் பாடம், மயிரை வரையாதே, மயிர்களுக்கு இடையிலுள்ள இருட்டை வரை என்பது. நாயின் காதருகே ரோமம் கொத்துக் கொத்தாகப் பிரியும். ஒவ்வொரு கொத்தின் அடியிலும் ஒரு நிழல் உண்டு. அந்த நிழலைப் போட்டு, திசையைச் சரியாக வைத்தால் ரோமம் தானாக எழுந்து நிற்கும். திசைதான் முக்கியம். மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறி, கண்ணைச் சுற்றிப் பிரிந்து, கன்னத்தில் கீழிறங்கி, கழுத்தில் சுழியாகும் அந்தப் போக்கை முதலில் அம்புக்குறிகளாகவே போட்டு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அடியில் எலும்பும் சதையும் எப்படிப் போகின்றன என்று தெரியாதவரின் ரோமம் கம்பளி விரித்ததுபோல் தட்டையாகக் கிடக்கும்.

மனிதத் தோல் இதைவிடச் சிரமம். மயிர்த்துளையைக் கறுப்புப் புள்ளியாக வைத்தால் அம்மைத் தழும்பாகிவிடும். ஒவ்வொரு துளைக்கும் ஒளி படும் ஓரம் ஒன்று, நிழல் ஓரம் ஒன்று. ஆகவே சாம்பல் பூச்சின்மேல் ரப்பர் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்து, அருகில் மெல்ல ஒரு நிழல் தொட்டு வைக்கிறார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு போட்டால் சிரிப்பு கெட்டுவிடும். கருவிழியின் மேல்பாதியில் இமையின் நிழல் விழ வேண்டும். விழாவிட்டால் பேயறைந்த முழி. கீழிமைக்கு ஒரு தடிமன் உண்டு, அதன் விளிம்பில் ஒரு மெல்லிய ஈரக் கோடு. அதைப் போட்ட கணத்தில் முகம் உயிர்பெறும் என்பார்கள், அதில் மிகையில்லை.

கிராஃபைட்டில் இன்னொரு தொல்லை இருக்கிறது. 8பி பென்சிலை அழுத்தித் தீட்டினால் கறுப்பாவதற்குப் பதிலாகப் பளபளக்கத் தொடங்கும். விளக்கின் கீழே வைத்தால் கன்னங்கரிய தலைமுடி ஈயத் தகடுபோல் மின்னும். ஆகவே ஆழ்ந்த கறுப்புக்கு சார்கோல், மேல்தோலுக்கு கிராஃபைட் என்று இரண்டையும் கலக்கிறார்கள். வெறும் பென்சிலால் வரைந்தது என்று பலர் சொல்லிக்கொள்ளும் படத்தில் பெரும்பாலும் நான்கைந்து சரக்கு இருக்கும்.

கட்டம் போட்ட கைகள்

முக லட்சணம் மாறாமல் வருவதற்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது கட்டத்தைத்தான். புகைப்படத்தில் சதுரங்கள் போட்டு, தாளிலும் அதே எண்ணிக்கையில் பெரிய சதுரங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து வைப்பது. இது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படியானால் தமிழ் சினிமாவின் அரை நூற்றாண்டு சுவர்களெல்லாம் ஏமாற்றுதான்.

உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதை நாற்பது அடி உயரத்துக்குத் துணியில் பெருக்கியவர்கள் நம் பேனர் ஓவியர்கள். சாரத்தில் ஏறி நின்று ஒரு கண்ணை வரைகிறவருக்கு மற்றொரு கண் தெரியாது. கீழே இறங்கித் தெருவைக் கடந்து போய் நின்றால்தான் முகம் தெரியும். கன்னத்தில் ரோஸ், தாடையில் நீலம், நெற்றியோரம் பச்சை என்று இயற்கையில் எந்தத் தோலிலும் இல்லாத நிறங்களை அடித்தும், இது எம்.ஜி.ஆர்., இது சிவாஜி என்று சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பார்த்த கணத்தில் சொன்னார். உருவ ஒற்றுமை வேறு, தோற்ற நகல் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டியதில்லை. கோவையில் தந்தை வழியாக இந்தத் தொழிலுக்கு வந்த ஓவியர் ஜீவா, தேசிய விருது பெற்ற தன் 'திரைச்சீலை' நூல் மூலம் திரைப்பட எழுத்தாளராகவும் அறியப்பட்டார். ஃப்ளெக்ஸ் வந்ததும் சாரங்கள் இறங்கிவிட்டன. அந்தக் கைகளில் சில, இன்று வாடிக்கையாளர் கேட்கும் குடும்பப் படங்களை வரைந்துகொண்டிருக்கின்றன.

கட்டத்தை உலகப் புகழுக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கர் சக் க்ளோஸ். 1967-68இல் அவர் தன் முகத்தையே வரைந்தார். வாயில் சிகரெட், கலைந்த தலை, மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்கள். படத்தின் உயரம் ஏறத்தாழ ஒன்பது அடி, அகலம் ஏழு அடி. கறுப்பு வெள்ளை. கொஞ்சமே கொஞ்சம் கறுப்பு அக்ரிலிக்கை நீர்த்து, ஏர் பிரஷ்ஷால் தெளித்து, வேண்டாததை பிளேடால் சுரண்டி, மின்சாரத் துளைப்பானின் முனையில் ரப்பரைச் செருகி அழித்து அதைச் செய்தார். 1969இல் மினியாபொலிஸ் நகரின் வாக்கர் ஆர்ட் சென்டர் அதை 1,300 டாலருக்கு வாங்கியது.

அந்தப் படத்தின் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் மயிர்த்துளையைத்தான் வியப்பார்கள். கவனிக்க வேண்டியது மூக்கு நுனியையும் காதுகளையும். அவை மங்கலாக இருக்கும். கேமரா லென்ஸ் கண்ணில் குவிந்தபோது, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மூக்கும் பின்னால் இருந்த காதும் குவியம் தப்பின. மனிதக் கண் எந்த முகத்தையும் இப்படிப் பார்ப்பதில்லை. பார்க்கப் பார்க்க அது குவியத்தை நகர்த்திக்கொண்டே போகும். க்ளோஸ் கேமராவின் அந்தக் குறையையும் சேர்த்து வரைந்தார். அவர் வரைந்தது முகம் அல்ல, ஒரு முகத்தின் புகைப்படம். அதை ஒன்பது அடிக்கு ஊதிப் பெருக்கியபோது, நாம் அன்றாடம் உண்மை என்று நம்பும் புகைப்படம் எத்தனை விநோதமான பொருள் என்பது வெளியே வந்தது. கேமராவுக்கு முழுக்க அடங்கி நடந்தே அதைக் காட்டிக்கொடுத்தார்.

இதில் இன்னொரு திருகல் உண்டு. க்ளோஸுக்கு முகங்களை அடையாளம் காணும் திறன் குறைவு. நேற்றுச் சந்தித்தவரையே இன்று தெரியாது. முகம் அசைந்தால் அவருக்கு அது வேறு முகம். தட்டையான படமாக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்தால்தான் அது மனதில் தங்கும் என்று அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். 1988இல் தண்டுவட ரத்தக்குழாய் பாதிப்பால் உடல் செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, கையில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு மறுபடி வரைந்தார். இம்முறை கட்டங்களை மறைக்கவே இல்லை. ஒவ்வொரு கட்டமும் வண்ண வளையங்களால் நிறைந்த தனி ஓவியம். தள்ளி நின்றால் முகம், கிட்டே போனால் மிட்டாய்க் கடை. பிந்தைய படங்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. 2017இல் அவர்மேல் பெண்கள் சிலர் பாலியல் அத்துமீறல் புகார் சொன்னார்கள். அடுத்த ஆண்டு நடக்கவிருந்த வாஷிங்டன் தேசியக் கலைக்கூடக் கண்காட்சி தள்ளிவைக்கப்பட்டது. 2021இல் இறந்தார். அவரைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்.

க்ளோஸ் போன்றவர்களின் ஓவியத்துக்கு 'ஃபோட்டோ ரியலிசம்' என்ற பெயரைச் சூட்டியவர் லூயி மைசல் என்ற நியூயார்க் கலைக்கூட உரிமையாளர். 1972இல் ஜெர்மனியின் காசல் நகர 'டாக்குமென்டா' கண்காட்சியில் இந்த வகை ஓவியர்கள் ஐரோப்பாவுக்கு அறிமுகமானார்கள். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸில் ஒரு கண்காட்சிக்கு 'ஹைப்பர் ரியலிசம்' என்று தலைப்பு வைத்தார்கள். பெயர் அங்கிருந்து பரவியது.

கேமராவுக்கு முன்பே

பெயர்தான் புதிது, வேலை மிகப் பழையது. 1502இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் ஒரு முயலை வரைந்தார். வியன்னாவின் ஆல்பர்ட்டீனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் அசல் அபூர்வமாகத்தான் வெளியே வரும். ஒரு நோட்டுப்புத்தகப் பக்கத்தின் அளவுதான். அடியில் பழுப்பு நீர்வண்ணம் பூசி, அதன்மேல் கருப்பும் வெள்ளையுமாக மயிர் மயிராக இழைத்திருக்கிறார். முயலின் கண்ணுக்குள் கூர்ந்து பார்த்தால் ஒரு ஜன்னலின் பிரதிபலிப்பு தெரியும். முயல் இருப்பது வெற்றுத் தாளில். சுற்றிலும் அறையும் இல்லை, புல்லும் இல்லை. கண்ணுக்குள் மட்டும் ஒரு வீடு. கேமரா கண்டுபிடிக்கப்பட இன்னும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தது.

நம் பக்கத்தில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் இருந்தார். விநோதமான பிராணி எது வந்தாலும் பேரரசர் அவரைக் கூப்பிட்டு வரையச் சொல்லுவார். கோவாவிலிருந்து 1612இல் வான்கோழி வந்தது. 1621இல் வரிக்குதிரை வந்தது. அதைக் கண்டவர்கள் குதிரைக்கு யாரோ சாயம் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட, சோதித்துப் பார்த்தே ஒப்புக்கொண்டார்கள் என்று ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பு சொல்கிறது. மன்சூரின் வரிக்குதிரை இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காலடியில் நிழல் கிடையாது, சூழல் கிடையாது. ஆனால் பிடரி மயிர் வரியோடு வரியாக எப்படித் தொடர்கிறது என்பதில் ஒரு பிசகு இல்லை.

அதே ஜஹாங்கீர் 1618இல் இன்னொன்றும் செய்தார். அவருடைய அதிகாரி இனாயத் கான் அபின் தின்று, மது குடித்து, எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்தார். விடைபெற வந்தவரைக் கண்டு திகைத்த பேரரசர், ஓவியர்களை அழைத்து அந்த உடலை வரையச் சொன்னார். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் துருத்திய அந்தக் கோட்டோவியம் பாஸ்டனில் இருக்கிறது. வண்ணப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். ஒரு மனிதனின் சாவை வேடிக்கைப் பொருளாக்கிய கொடூரம் என்றும் சொல்லலாம், கண் தவிர்க்க விரும்புவதைக் கை தவிர்க்கவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. துல்லியமாக வரைவது தன்னளவில் கருணையான காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கறுத்த தோலும் வெளுத்த ஃபிலிமும்

கேமரா பொய் சொல்லாது என்பார்கள். செல்ஃபி எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருக்கும், காதுகள் பின்னால் ஓடும். அந்தப் படத்தைக் கட்டம் போட்டு மில்லிமீட்டர் பிசகாமல் பெயர்த்தால், லென்ஸின் கோணலும் பிசகாமல் வரும். அப்புறம் "எல்லாம் சரியா இருக்கு, ஆனா அவர் மாதிரி இல்லையே" என்று வீட்டார் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

இதைவிடப் பெரிய கோளாறு தோல் நிறத்தில் இருந்தது. கோடாக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். 'ஷர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அந்தத் தோலுக்கு ஏற்றபடி நிறத்தைச் சரிசெய்தார்கள். கறுத்த முகங்கள் அதில் நிழலாய் விழுந்தன. பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தன. பின்னால் ஃபிலிம் திருந்தியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் விளம்பரங்களில் பழுப்பு நிற வேறுபாடுகள் வரவில்லை என்று புகார் செய்ததாம். மனிதர்களின் புகாரைவிடத் தேக்கு மேஜையின் புகாருக்கு மரியாதை அதிகம்.

கறுத்த தோலில் ஒளி வேறு விதமாக நடக்கும். நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் அது கூர்மையாகத் தெறிக்கும். நிழலுக்குள் செம்பும் நீலமும் ஊதாவும் கலந்து கிடக்கும். கேமரா ஒரே இருட்டாக விட்ட இந்தப் பிரதேசத்தில் ஓவியருக்கு வேலை நிறைய இருக்கிறது. இன்றைய ஹைப்பர் ரியலிசத்தின் பலமான மையங்களில் ஒன்று நைஜீரியாவின் லாகோஸ் என்பது இதனால்தான் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. அரின்ஸே ஸ்டான்லி 1993இல் பிறந்தவர், வேளாண் பொறியியல் படித்தவர். பென்சிலும் சார்கோலும் கொண்டு ஆளுயரத்துக்கும் மேலே முகங்களை வரைகிறார். வியர்வை முத்துக்களை எண்ணிவிடலாம். ஆனால் அந்த வியர்வை திறமை காட்ட வைத்ததல்ல. காவல்துறை வன்முறையும் ஒடுக்குமுறையும் அவர் படங்களின் பொருள். ஓலுமிடே ஓரெசெகுன் தண்ணீரில் நனையும் குழந்தைகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து 2016இல் உலகெங்கும் பேசப்பட்டார். 2018 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் லாகோஸ் வந்தபோது, கரீம் வாரிஸ் என்ற 11 வயதுச் சிறுவன் இரண்டு மணி நேரத்தில் அவர் முகத்தை வரைந்து கையில் கொடுத்தான். அதிபர் மகிழ்ந்து அதை இணையத்தில் பகிர்ந்தார்.

நமக்கு இளையராஜா இருந்தார். இசைஞானி அல்ல, ஓவியர் எஸ்.இளையராஜா. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கிராமத்தில் 1979இல் பிறந்து, கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர். எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய கிராமத்துப் பெண்களை, ஓவியர் பெயர் தெரியாமலே வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அடுப்படியில், வாசல்படியில், ஜன்னலோரத்தில் இருப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரும். பித்தளைக் குடத்தில் பட்ட ஒளி கழுத்தடியில் மஞ்சளாகத் திரும்பி விழும். மாநிறத் தோலை அதன் எல்லா மாறுதல்களோடும் அப்படிக் கவனித்துத் தீட்டியவர்கள் நம்மிடம் குறைவு. சிவந்த கன்னத்தையே அழகு என்று அச்சடித்துக்கொண்டிருந்த காலண்டர் மரபுக்கு அந்தப் படங்கள் பதில் சொல்லின.

அவருடைய உலகில் எல்லாப் பெண்களும் அழகாக, இளமையாக, வேலை செய்தும் களைக்காமல் இருக்கிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. இன்னும் இருபது ஆண்டு வரைந்திருந்தால் அங்கிருந்து எங்கே போயிருப்பார் என்று பார்த்திருக்கலாம். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. வயது 42.

துக்க வீட்டுப் படம்

கலைக்கூடங்களுக்கு வெளியே, இந்தத் தொழிலில் பலரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது கமிஷன் வேலை. திருமணப் பரிசு, வளர்ப்பு நாய், பிறகு இறந்தவர்கள். கடைசி வகைதான் கடினம். கையில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு பாஸ்போர்ட் படம், அல்லது வாக்காளர் அட்டையிலிருந்து செல்போனில் எடுத்த நகல். அதில் முகம் ஒரு கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. "கண்ணைக் கொஞ்சம் திறந்து வெச்சிடுங்க, அப்பாவுக்குப் பட்டுச் சட்டை போட்டுடுங்க, அம்மா பக்கத்துல இருக்கிற மாதிரி" என்று கேட்பார்கள். அம்மாவின் படம் வேறு காலத்தில், வேறு வெளிச்சத்தில், வேறு பக்கம் பார்த்தபடி எடுத்ததாக இருக்கும்.

இங்கே நகலெடுக்க ஒன்றுமே இல்லை. மகனின் தாடையையும் அண்ணனின் நெற்றியையும் பார்த்து, இல்லாத தகவலை ஓவியர் நிரப்ப வேண்டும். இரண்டு முகங்களுக்கும் ஒரே ஜன்னலைக் கற்பனை செய்து வெளிச்சத்தைச் சமன்செய்ய வேண்டும். தோலை அதிகம் தேய்த்து வழவழப்பாக்கினால் வீட்டார் மிரளுவார்கள். 1970இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மாசாஹிரோ மோரி இதைப் பற்றித்தான் எழுதினார்: உருவம் மனிதனை நெருங்க நெருங்கப் பிடிக்கும், மிக நெருங்கிக் கொஞ்சம் தப்பும்போது அச்சம் தரும். அந்த அச்சப் பள்ளத்தில் விழாமல், செத்தவரைச் செத்தவராகவும் காட்டாமல் வரையும் ஓர் ஊர்ப்புற ஓவியர், நடிகரின் ஸ்டுடியோ படத்தைப் பெயர்த்து லட்சம் லைக் வாங்குகிறவரைவிடப் பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நடிகர் படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படம் எல்லாம் ஊர்ப்பொதுச் சொத்து அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. கையால் வரைந்ததாலேயே அது நம்முடையதாகிவிடாது. இசைக் கலைஞர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த புகைப்படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் செய்த படத்தைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் புகைப்படக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. பயிற்சிக்கு யார் படத்தையும் வரையலாம்; விற்கும்போதுதான் வம்பு. நல்ல காட்டுயிர் ஓவியர்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதன்மைக் காரணம் வேறு: நேரில் பார்த்தவருக்குத்தான் புகைப்படம் எதைத் தவறவிட்டது என்று தெரியும். சென்னைக்காரர்களுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. ஆனால் கூண்டில் வளர்ந்த புலிக்கு வயிறு தொங்கும். படத்தில் அதைக் காட்டுக்குள் கொண்டுபோய் விடும்போது கவனம் வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கேட்ட முகத்தை, கேட்ட சுருக்கத்தோடு, விநாடிகளில் பென்சில் ஓவியம் மாதிரியே தருகிறது. வெறும் பிரமிப்பை மட்டுமே விற்றுக்கொண்டிருந்தவர்களின் பாடு இனி சிரமம்தான். கையால் வரைந்ததை நிரூபிக்கத் தொடக்கத்திலிருந்து வீடியோ எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் துக்க வீட்டுக்காரரோடு திண்ணையில் உட்கார்ந்து, "சிரிச்சா இடது பக்கம் லேசா இழுக்குமா, வலதா?" என்று கேட்கிற வேலையை அது எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

உங்கள் வீட்டுக்கு ஒரு முகத்தை வரையச் சொல்லப் போகிறீர்கள் என்றால் சில காரியங்கள் செய்யுங்கள். ஒரே படத்தை நீட்டாமல், பல வயதில் எடுத்த படங்களைத் தேடிக் கொடுங்கள்; மங்கலானதும் உதவும். அந்த ஆளைப் பற்றிப் பேசுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், மூன்று நாளில் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் பிரின்ட் எடுத்து அதன்மேல் தீட்டுகிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். முடிந்த படத்தை வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், கண்ணாடி நேராகத் தாளில் ஒட்டாதபடி ஃபிரேம் போடச் சொல்லுங்கள். செல்போனில் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பும்போது, மூலையில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.